கடைசியில் எதற்கு ஒரு சி

பரணில் கிடந்த சாமான்களை இறக்கித் தூசி தட்டியபோது, கல்லூரிக் காலத்துக் கணக்குப் புத்தகம் ஒன்று கையில் வந்தது. எண்பதுகளின் நடுவில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். துணைப்பாடம் கணிதம், 'அன்சிலரி' என்போம். அட்டை எப்போதோ கழன்று போயிருந்தது. முதல் முப்பது பக்கங்களை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. மிச்சத்தைப் புரட்டினால் ஒரே சிவப்பு. வரிக்கு வரி அடிக்கோடு. அளவுகோல் வைத்து, மை ஊறாமல், ஒரு சீராகப் போட்ட கோடுகள். இன்டக்ரேஷன் அத்தியாயத்தில் கோடு விழாத வரியே கிடையாது. ஒரு பக்கத்தில், அச்சகத்துக்காரர் போட்டிருந்த பக்க எண்ணுக்குக் கீழேயும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளில் நான் இரண்டு முறை தோற்றேன்.

படிக்காமல் தோற்றவன் இல்லை. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை வருடம் கழித்தும் வாய் துடிக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கடுங்காப்பி குடித்துவிட்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டே படிப்பேன். ஓர் அத்தியாயத்தை மூன்று முறை, நான்கு முறை. நான்காவது முறை கண் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த வரி என்னவென்று அது வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆகா, எல்லாம் வந்துவிட்டது என்று மனம் நிறைந்து கீழே இறங்குவேன். தேர்வு மண்டபத்தில் கேள்வித்தாளைப் பிரித்தால் எல்லாம் பார்த்த முகமாகவே இருக்கும். தினமும் டவுன் பஸ்ஸில் கூட வருகிற ஆள் மாதிரி. நன்றாகத் தெரிந்தவர்தான், ஆனால் பெயர் என்ன, எந்தத் தெரு என்று கேட்டால் வாய் திறக்க முடியாது.

முகம் தெரிவதும் ஆளைத் தெரிவதும் ஒன்றில்லை. இவ்வளவு எளிய விஷயத்தில் மனிதர்கள் ஏமாறுவார்களா என்றால், நன்றாகவே ஏமாறுகிறார்கள். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகள் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாய் பற்றியது. ஒரு கூட்டம் அதையே நான்கு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே தடவை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவுக்கு வந்ததையெல்லாம் மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் போகட்டும் என்று விட்டுக் கேட்டபோது தலைகீழாகிவிட்டது. நான்கு முறை படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

எண்களைவிட என்னைச் சுட்டது வேறொன்று. ஒரு வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. எழுதிப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். தடுமாறியவன் தனக்கு வரவில்லை என்றே நினைக்கிறான். அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது என்பது அவனுக்கே தெரிவதில்லை. மொட்டை மாடியில் மனம் நிறைந்து கீழே இறங்கிய என்னை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை தோற்ற விடுமுறையில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். பாலிடெக்னிக் முதலாமாண்டு. "அண்ணே, நீங்க காலேஜ்ல கணக்குப் படிக்கீங்கள்லா, இன்டக்ரேஷன் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்றான். அதே தாளில் நான் அரியர் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திண்ணையில் உட்கார வைத்து முதல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அடுக்கில் ஒன்றைக் கூட்டு, கூட்டி வந்ததால் வகு, கடைசியில் கூட்டல் சி. முடிந்தது.

"கடைசியில எதுக்குண்ணே ஒரு சி போடுதீங்க?"

"அது மாறிலி. போடணும்."

"போடலன்னா என்ன?"

"மார்க் போயிரும்."

அவன் விடவில்லை. "அதில்லண்ணே, அது எங்கேருந்து வருது?"

இருநூறு முறையாவது அந்தச் சியை எழுதியிருப்பேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தால் சிவப்புக் கோட்டுக்கு மேலே விடை இருந்தது: மாறிலியை டிஃபரன்சியேட் செய்தால் பூச்சியம். படித்த வரிதான், கோடு போட்ட வரிதான். அதை ஒரு பையனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று முதன்முதலாகத் தேடினேன். இரவு வெகுநேரம் கழித்துப் பிடிபட்டது.

மறுநாள் இப்படிச் சொன்னேன். "நீ தென்காசி பஸ்ஸுல டிரைவர் பக்கத்துல உக்காந்து ஸ்பீடாமீட்டரையே பாத்துட்டு வாறன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு வேகம்னு நோட்டுல எழுதிட்ட. அதை எனக்குத் தந்தா, பஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லிருவேன். ஆனா பஸ் இப்ப எந்த ஊர்ல நிக்குன்னு கேட்டா சொல்ல முடியுமா?"

யோசித்தான். "முடியாது. கிளம்பின ஊரு தெரியணும்லா?"

"அதான் சி."

அவன் முகம் மலர்ந்ததைவிட என் முகம் அதிகம் மலர்ந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. எல்லை வைத்துச் செய்யும் இன்டக்ரேஷனில் மட்டும் இந்தச் சி காணாமல் போய்விடும். ஏனென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. ஒன்பது மணியிலிருந்து பத்து மணிக்குள் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டால், கிளம்பிய ஊரைப் பற்றி யாருக்கென்ன கவலை? இரண்டு நேரத்து இடங்களையும் கழிக்கும்போது அதுவும் கழிந்துவிடுகிறது. இதை எந்த விரிவுரையும் எனக்குச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பார்கள். நான் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு தினமும் வந்தான். எல்லா அடுக்குக்கும் ஒரே விதி, ஒன்றை எக்ஸால் வகுத்ததற்கு மட்டும் ஏன் லாக் வந்து குதிக்கிறது என்று கேட்டான். அந்த விதிப்படி போனால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும், அதனால் அங்கே விதி செல்லாது என்று சொல்ல முடிந்தது. சரி, லாக் ஏன், வேறு ஏதாவது ஏன் வரக்கூடாது என்றான். அதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

*

பவணந்தி முனிவர் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். நன்னூல் என்றால் பள்ளிக்கூடத்தில் எழுத்து, சொல் என்று ஆரம்பிப்போம். அதற்கு முன்னால் நிற்கும் பாயிரத்தைப் பெரும்பாலும் யாரும் நடத்துவதில்லை. அதில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கர் எத்தனை வகை, பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்றெல்லாம் வருகிறது. நூல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு நூலை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறைப்படி எடுத்துச் சொல்ல வரும் என்கிறார். அதற்கப்புறம் வருவதுதான் சுவையானது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் சேரும். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தானே பிறருக்கு விளங்க எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேருகிறது.

கால், கால், அரை. இந்தப் பங்கீட்டை எந்த ஆய்வுக்கூடத்திலும் அவர் அளந்து பார்க்கவில்லை. பாடம் சொல்லிப் பழுத்த ஒருவரின் கைக்கணக்கு அது. ஆனால் அரைப் பங்கை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். நம் படிப்பு முழுக்க முதல் கால் பங்கிலேயே நின்றுவிடுகிறது. ஆசிரியர் சொல்கிறார், மாணவர் கேட்கிறார், மணி அடிக்கிறது. டியூஷனில் இன்னொருவர் அதையே சொல்கிறார், மறுபடி மணி அடிக்கிறது. இப்போது செல்போனில் மூன்றாமவர் சொல்கிறார். அங்கே மணிகூட அடிப்பதில்லை.

மாணாக்கருக்கு நன்னூல் தரும் உவமைகளில் எனக்குப் பிடித்தது பசு. கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். அன்னத்தோடு சேர்த்து முதல்தர மாணவனுக்கு அது உவமை. கிளியை இடைத்தரத்தில்தான் வைத்திருக்கிறார்கள், சொன்னதை மட்டும் சொல்வதால். கடைசித் தரத்தில் ஓட்டைக் குடமும் நெய்யரியும் இருக்கின்றன. நெய்யரி என்பது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் பன்னாடை. பக்க எண்ணுக்கு அடிக்கோடு போட்ட நான் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

*

அந்த அரைப் பங்குக்கு நம் காலத்துக்கு அருகில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன உ.வே. சாமிநாதையருக்கு வயது 25. ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று இவர் அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐந்தாண்டு பாடம் கேட்டவர், பட்டியல் நீளமானது. முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

'என் சரித்திரம்' படித்த எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். சங்கத் தமிழ் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததன் தொடக்கம் என்று மேடைகளில் சொல்லிச் சொல்லி அது தேய்ந்தும் போய்விட்டது. அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நூலைக் கொடுத்தால் படித்துப் பாடம் சொல்ல முடியும் என்கிறார் ஐயர். முதலியார் சீவக சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார். தான் படித்திராத, கண்டிராத ஒரு நூலை, கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு மனிதருக்குப் பாடம் சொல்வதாக ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் ஒரு இளைஞர்.

சிந்தாமணி 3145 பாடல்கள் கொண்டது. சமணக் காப்பியம். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த ஐயருக்கு அதன் மரபும் சொற்களும் புதியவை. உரை எழுதிய நச்சினார்க்கினியரோ நேராகப் போகிறவர் இல்லை. இந்தப் பாட்டில் ஒரு சொல்லை எடுத்து எங்கோ இருக்கும் இன்னொரு சொல்லோடு கொண்டுபோய் முடிச்சுப் போடுவார். மேற்கோள் காட்டுவார், எந்த நூல் என்று சொல்லமாட்டார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பாடம் சொல்லும் நாள் வந்துகொண்டே இருக்கிறது. முதலியார் கேட்கப் போகிறார்.

தனக்காக மட்டும் படித்திருந்தால், விளங்காத இடத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டிப் போயிருக்கலாம். நாமெல்லாம் அப்படித்தான் தாண்டுகிறோம். அவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் விளங்காத இடங்கள் ஒவ்வொன்றும் கேள்விகளாயின. கேள்விகளைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். ஏட்டில் புதிராக இருந்த சொற்கள் அந்த வீடுகளில் அன்றாடப் பேச்சாக இருந்தன. நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் காட்டிய மேற்கோள்களைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். பின்னாளில் சங்க நூல் ஏடுகள் கைக்கு வந்தபோது, அவற்றின் வரிகளை அடையாளம் கண்டுகொள்ள அந்தக் குறிப்புகள் உதவின. 1887-இல் சீவக சிந்தாமணி உரையோடு அச்சாகி வெளிவந்தது.

குருவிடம் வாங்கிய கால் பங்கு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. எத்தனையோ ஆயிரம் செய்யுள்கள் நெஞ்சில் இல்லாமல் அந்த வேலையைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் நாம் அறிந்த உ.வே.சா. உருவானது அந்த மறுபாதியில்தான் என்பது என் எண்ணம். அதில் இராமசுவாமி முதலியாருக்கு உள்ள பங்கைப் பிரதி கொடுத்தவர் என்று சுருக்கிச் சொல்வது போதாது. அவர் கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

*

இதே அரைப் பங்கைத் தெரியாமலே கப்பலேற்றிக் கொண்டுபோன ஒரு பாதிரியாரும் உண்டு. ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர். 1787-இல் சென்னைக்கு வந்தவர், எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதி எழுதி அழிப்பதைப் பார்த்திருக்கிறார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவர முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரியென்று, கொஞ்சம் படித்த ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்று விட்டார். அவன் சொல்லிக்கொடுத்தான். நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான். பெல் 1797-இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் 'மெட்ராஸ் கல்லூரி'.

இங்கிலாந்துக்காரர்களுக்கு அதில் பிடித்துப்போனது சிக்கனம். ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். சொல்லிக்கொடுத்த சிறுவனுக்கு என்ன ஆயிற்று, அவன் எவ்வளவு கற்றான் என்பது அந்தக் கணக்கில் பின்னால் போய்விட்டது. வகுப்பிலேயே அதிகம் கற்றவன் அவனாகத்தான் இருந்திருப்பான்.

திண்ணைப் பள்ளியைப் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோதண்டம் போட்டுத் தொங்கவிடுவதும் பிரம்பும் குட்டும் அங்கே பாடத்திட்டத்தின் பகுதி. எந்தத் தெருப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏறலாம், எந்தத் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்பதும் எழுதாத பாடத்திட்டம். இதை விட்டுவிட்டு நம் பழைய கல்விமுறையின் மேன்மை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார்களாம். மறுநாள் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதும்போது உ.வே.சா. இதைக் குறிப்பிடுகிறார். சின்ன விளையாட்டுப் போலத்தான் இருக்கிறது. ஆனால் இடையில் ஓர் இரவைப் போட்டிருக்கிறார்களே, அதில்தான் சூட்சுமம்.

அந்த இரவில் என்ன நடக்கிறது என்று ஜெர்மனியில் ஒருவர் தன்னையே வைத்து அளந்து பார்த்தார். ஹெர்மன் எபிங்ஹாஸ். அர்த்தமே இல்லாத அசைகளாக ஏறத்தாழ 2300 உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாக உருப்போட்டு, எவ்வளவு மறக்கிறது என்று தனியாளாகக் கணக்கெடுத்து 1885-இல் வெளியிட்டார். முழுக்க மறந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை; மறுபடி உருப்போடும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரத்திலேயே அந்த மிச்சம் 44 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாளில் 34. அதற்கப்புறம் மறதி நிதானப்பட்டு, ஒரு மாதம் கழித்தும் 21 இருந்தது. இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் 68 முறை சொல்லி உண்டாக்கிய பலனை, மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே பெற முடிந்தது. உழைப்பில் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மறுநாள் காலை பத்து மணிக்கு நினைவிருப்பது. பன்னிரண்டரைக்கு மேல் என்ன ஆனால் என்ன? அந்தக் காரியத்துக்குக் கடம் அடிப்பது போதும் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிக்கல், அடுத்த செமஸ்டரின் பாடம் இந்த செமஸ்டரின் மேல் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

கணக்கை ஒரே வகையாகப் போட்டுப் பழகுவதிலும் இதே ஏமாற்று உண்டு. 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இருவர், வழக்கத்தில் இல்லாத நான்கு கனவடிவங்களின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வகைவாரியாக, இன்னொரு கூட்டத்துக்குக் கலந்துகட்டி. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே இல்லை. பயிற்சி எண் நான்கு என்றால் நான்காம் சூத்திரம். தேர்விலோ அதுதான் முதல் வேலை. எங்கள் புத்தகத்திலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அந்த அத்தியாயத்துக் கணக்குகளே இருந்தன. பல புத்தகங்களில் இன்றும் அப்படித்தான்.

மனப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இப்போது கெட்ட பெயர் வந்துவிட்டது. புரிந்து படி, உருப்போடாதே என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். எண்சுவடி படித்த பிள்ளைகள் முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று, மா என்றால் 20-இல் ஒன்று என்று உருவேற்றிக்கொண்டார்கள். அந்தப் பின்னங்களின் பெருக்கல் வாய்பாடு வரை வாயில் இருந்தது. களத்தில் நெல் அளக்கும்போது எண்களைத் தேடிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒவ்வொரு முறையும் யோசித்துக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் காரணிப்படுத்தும் கணக்கு எந்நாளும் பிடிபடாது; அதன் மூளை பெருக்கலிலேயே களைத்துவிடும். ஆகவே உருப்போடுவது குற்றமில்லை. உருப்போட்டதை யாரும் கேள்வி கேட்காமல், அப்படியே விடைத்தாளில் கொட்டிவிட்டு வெளியே வர விடுவதுதான் குற்றம். சூத்திரம் எனக்கும் மனப்பாடமாக இருந்தது. எதற்கு ஒரு சி என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

கஷ்டமான பாடத்தை எப்படிப் படிப்பது என்று இப்போது பிள்ளைகள் என்னைக் கேட்டால், புத்தகத்தை மூடு என்பேன். மூடிவிட்டு யாரிடமாவது சொல். ஆள் கிடைக்காவிட்டால் சுவரிடம் சொல். திக்கும் இடத்தில் புத்தகத்தைத் திற. இரண்டு நாள் விட்டு மறுபடி சொல். இதில் எதுவும் சுகமாக இருக்காது. அடிக்கோடு போடுவது சுகமாக இருக்கும். என் மகளிடம் ஐந்து நிறத்தில் ஹைலைட்டர் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது சிவப்பு மட்டும்தான், வித்தியாசம் அவ்வளவே.

ஆனால் இந்த அறிவுரையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சொல்வதைக் கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரிடம் போய் இன்டக்ரேஷன் சொல்லும்? வீட்டில் யாருக்கும் தெரியாத பாடத்தைத் தூக்கிக்கொண்டு அது தனியாக அலைகிறது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மூன்றாம் முறை எழுதியபோது எனக்கு 54 வந்தது. பாலிடெக்னிக் தேர்வில் அவனுக்கு 96. இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். நான் நடத்தியதில் இவனுக்கு 96, எனக்கு 54 என்றால் எங்கேயோ கணக்கு உதைக்கிறதே என்று விளையாட்டாகச் சொன்னேன். அவன் கொஞ்சம் கூச்சத்தோடு, நீங்க சொன்னதை ராத்திரி அப்படியே அக்காகிட்டச் சொல்லிப் பாப்பேண்ணே என்றான். எங்கள் பக்கத்தில் அப்போது பாதி வீடுகளில் பீடிச் சுற்றுதான் பிழைப்பு. அக்காவும் மடியில் தட்டை வைத்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் இலையை வெட்டிச் சுற்றிக்கொண்டே கேட்பாராம். பாதி நேரம் 'ம்' கொட்டுவார். விளங்காத இடத்தில் கை நிற்கும், அது எப்படிடே என்பார். அவனுக்குச் சொல்ல வராது. மறுநாள் என் திண்ணைக்கு வந்துவிடுவான்.

"கடைசியில எதுக்கு அந்த சின்னு முதமுதல்ல கேட்டதே அக்காதாண்ணே" என்றான்.

அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.